கடலுக்குள் இறங்கும் ஒளியைக் கணினியில் மாதிரியாக்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் கடல் மாதிரியில் 80 மீட்டர் ஆழத்தில் எதுவுமே வளரவில்லை. தெளிந்த வெப்பமண்டலக் கடல் அது. அந்த ஆழத்தில் பச்சையம் மிகுந்த ஓர் அடுக்கு இருந்தாக வேண்டும் என்று அளவீடுகள் சொல்லின. ஊட்டச்சத்தைக் கூட்டினேன், பாசிகளின் வளர்ச்சி வேகத்தைக் கூட்டினேன், அவற்றை மேயும் உயிரிகளைக் குறைத்தேன். மூன்று வாரம் இப்படிப் போனது. கடைசியில் பார்த்தால் பிழை உயிரியல் பகுதியில் இல்லவே இல்லை. ஒளியைக் கணக்கிடும் ஒற்றை வரியில் இருந்தது. எல்லா நிறங்களுக்கும் ஒரே மங்கல் கெழுவை, அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் எண்ணை, கொடுத்திருந்தேன்.

அந்த ஒற்றை வரியைச் சரியாக எழுதுவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. பள்ளி இறுதி வகுப்புக் கணிதமும், ஏதேனும் ஒரு நிரல்மொழியில் சுழற்சி எழுதத் தெரிந்திருப்பதும் போதும். நாம் கட்டப்போவது ஒரு நீர்த்தூண்: மேலிருந்து 200 மீட்டர் வரை, அடுக்கடுக்காகப் பிரித்த ஒரு நெடுவரிசை. முப்பரிமாணக் கடல் மாதிரியும் இப்படிப்பட்ட தூண்களை அருகருகே நிறுத்தியதுதான். ஆகவே ஒரு தூண் சரியாக வந்தால் மற்றவை பின்தொடரும்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

கடலொளியை மாதிரியாக்குபவர்கள் மூன்று வேறு வேலைகளுக்காக அதைச் செய்கிறார்கள். ஒளிச்சேர்க்கையைக் கணக்கிட விரும்புபவருக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களின் (ஃபோட்டான்) எண்ணிக்கை வேண்டும். நீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பவருக்கு ஆற்றல் வேண்டும், அதுவும் அகச்சிவப்பையும் சேர்த்து. கடலின் நிறத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட விரும்புபவருக்குக் கீழே போகும் ஒளியைவிட மேலே திரும்பி வரும் சொற்ப ஒளிதான் முக்கியம். மூன்றையும் ஒரே மாதிரியில் செய்யலாம். ஆனால் எது தலையாய கேள்வி என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பின்னால் எதை எளிமையாக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கும்.

படி 1: நீர்ப்பரப்புக்குக் கீழே எவ்வளவு வருகிறது?

வளிமண்டலத்துக்கு வெளியே சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட். காற்று, மேகம், தூசி எல்லாவற்றையும் கடந்து கடல் மேற்பரப்பை அடைவதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கே ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400–700 நானோமீட்டர் பட்டையில் இருக்கிறது. மீதியின் பெரும்பகுதி அகச்சிவப்பு. அதில் மிகப் பெரும் பங்கை முதல் மீட்டருக்குள்ளாகவே நீர் விழுங்கிவிடும்.

பரப்பில் எதிரொளிப்பது சிறிய விஷயம், விரைவாக முடித்துவிடலாம். சூரியன் உச்சியில் இருக்கும்போது சுமார் 2 சதவீதம் திரும்பிப் போகும். உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்தால் 6 சதவீதம். 80 பாகை சாய்ந்தால்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். அந்நேரத்தில் ஒளியே குறைவு என்பதால், ஒரு நாள் முழுவதையும் கூட்டிப் பார்க்கையில் இந்த இழப்பு பெரிதாக உறுத்தாது.

அதைவிட முக்கியம் ஒளிவிலகல். கடல்நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.34. எனவே 60 பாகை சாய்ந்து வரும் கதிர் நீருக்குள் 40 பாகையாக நிமிர்ந்துகொள்ளும். சூரியன் தொடுவானத்தைத் தொட்டாலும் உள்ளே கதிரின் சாய்வு 48 பாகையைத் தாண்டாது. சாய்ந்த கதிர் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் அதிக தூரம் பயணிக்கிறது. 40 பாகையில் அந்தக் கூடுதல் சுமார் 31 சதவீதம். இந்தப் பாதைக் காரணியை (40 பாகைக்கு 1.31) ஒரு மாறியாகச் சேமித்து வையுங்கள், படி 4இல் தேவைப்படும்.

அலகு மாற்றத்தில் ஒரு பொறி இருக்கிறது. காற்றில் ஒரு வாட் ஒளிச்சேர்க்கை ஒளியை வினாடிக்குச் சுமார் 4.6 மைக்ரோமோல் துகள்களாக மாற்றுவார்கள். நீருக்கடியில் அதே எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே எஞ்சியிருப்பது பெரும்பாலும் நீலம். நீலத் துகள் ஒவ்வொன்றும் அதிக ஆற்றலைச் சுமப்பதால் ஒரு வாட்டுக்கு எண்ணிக்கை குறையும், 4.15 என்பது கடலுக்குள் பொதுவாகக் கொள்ளும் மதிப்பு. நிறவாரியாகக் கணக்கிடுபவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு துகளின் ஆற்றல் தெரியும், வகுத்துவிட்டால் முடிந்தது.

படி 2: நிறங்களைப் பிரியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று போகிறேன்.

ஆழத்தோடு ஒளி குறைவதற்கான அடிப்படை விதி எல்லோருக்கும் தெரிந்தது:

ஆழத்தில் ஒளி = மேற்பரப்பு ஒளி × அடுக்கு(−மங்கல் கெழு × ஆழம்)

சூத்திரங்களில் ‘அடுக்கு(…)’ என்று நான் எழுதுவது இயல் மடக்கையின் நேர்மாறு சார்பை (exp); நீரின் அடுக்கோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த விதியில் தவறில்லை. ஆனால் அது ஒரே ஒரு நிறத்துக்குத்தான் பொருந்தும். தூய நீர் 440 நானோமீட்டர் நீல ஒளியை மீட்டருக்கு 0.006 என்ற அளவிலேயே உட்கவர்கிறது. சிதறலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 100 மீட்டர் இறங்கிய பிறகும் அதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். 650 நானோமீட்டர் சிவப்புக்கு அதே கெழு 0.34. பத்தே மீட்டரில் அது 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஐம்பது மடங்குக்கு மேல் வேறுபடும் இரண்டு எண்களுக்குச் சராசரி எடுத்தால் கிடைப்பது எந்த ஆழத்துக்கும் பொருந்தாத ஓர் எண்.

கையால் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பு ஒளியில் பாதி சிவப்புப் பக்கம், கெழு 0.4. மறுபாதி நீலப்பச்சைப் பக்கம், கெழு 0.04. பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பிலிருந்து 0.009, நீலத்திலிருந்து 0.335, ஆக மொத்தம் 0.344. இந்தப் பத்து மீட்டரை மட்டும் பார்த்து ஒற்றைக் கெழுவைப் பொருத்தினால் 0.107 வரும். மேலடுக்குக்கு அது கச்சிதமாகவே இருக்கும். இப்போது 80 மீட்டருக்குப் போங்கள். இரண்டு பட்டைகளும் சேர்ந்து தருவது மேற்பரப்பு ஒளியில் 2 சதவீதம். ஒற்றைக் கெழு தருவது 0.02 சதவீதம். நூறு மடங்கு வித்தியாசம்! ஒளி 1 சதவீதமாகக் குறையும் ஆழம், அதாவது பாசிகள் வாழத்தக்க அடுக்கின் அடிப்பகுதி என்று வழக்கமாகக் கொள்ளும் எல்லை, முதல் கணக்கில் 98 மீட்டர். இரண்டாவதில் 43 மீட்டர். என் பாசிகள் ஏன் பட்டினி கிடந்தன என்பது இப்போது புரிந்திருக்கும். அவற்றுக்கு இல்லாமல் போனது உணவல்ல, வெளிச்சம்.

எத்தனை பட்டைகள் வேண்டும்? வெப்பத்துக்கு மட்டும் என்றால் இரண்டே போதும். பால்சனும் சிம்ப்சனும் 1977இல் அளித்த, இரண்டு அடுக்கு விதிகளைக் கூட்டும் சூத்திரம் இன்றும் பல கடல் மாதிரிகளில் ஓடுகிறது. கடல்நீரைத் தெளிவைக் கொண்டு ஜெர்லோவ் வகுத்த நீர் வகைகளில் மிகத் தெளிந்ததான முதல் வகைக்கு, ஆற்றலில் 58 சதவீதம் 0.35 மீட்டர் என்ற தேய்வு நீளத்திலும் (ஒன்றை மங்கல் கெழுவால் வகுத்தால் வருவது), மீதி 42 சதவீதம் 23 மீட்டர் நீளத்திலும் குறையும். ஒளிச்சேர்க்கைக்குக் குறைந்தது மூன்று பட்டைகள்: நீலம், பச்சை, சிவப்பு. பாசி இனங்களுக்கிடையே நடக்கும் போட்டியைப் பார்க்க விரும்பினால் 25 நானோமீட்டருக்கு ஒன்றாகப் பதின்மூன்று பட்டைகள் வையுங்கள். இன்றைய கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. ஒற்றைப் பட்டையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

படி 3: ஒளியை உட்கவர்பவை எவை?

ஒவ்வொரு பட்டைக்கும், ஒவ்வொரு அடுக்குக்கும் உட்கவர்தல் கெழுவைக் கூட்டிக் கட்ட வேண்டும். கூட்டலில் நான்கு உறுப்புகள்.

நீர் முதலாவது. அது மாறாத அட்டவணை. போப்பும் ஃபிரையும் 1997இல் வெளியிட்ட அளவீடுகளே பெரும்பாலானவர்கள் எடுத்தாளுவது: 490இல் 0.015, 550இல் 0.057, 600இல் 0.22, 700இல் 0.62. நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகப் போக ஏறும் செங்குத்தான மலை இது.

இரண்டாவது, பைட்டோபிளாங்டன் எனப்படும் மிதவைப் பாசிகள். இங்கேதான் உயிரியல் நுழைகிறது. பச்சையம் இரட்டித்தால் உட்கவர்தலும் இரட்டிக்கும் என்று எண்ணத் தோன்றும், அப்படி நடப்பதில்லை. பிரிக்கோவும் கூட்டாளிகளும் 1995இல் தந்த உறவின்படி 440 நானோமீட்டரில்:

பாசி உட்கவர்தல் = 0.0403 × (பச்சையம்)^0.668

பச்சையம் கன மீட்டருக்கு மில்லிகிராமில். 0.1 இருந்தால் 0.0087, 1 இருந்தால் 0.040, 10 இருந்தால் 0.19. பச்சையம் பத்து மடங்கு ஏறும்போது உட்கவர்தல் ஐந்து மடங்கைக்கூட எட்டுவதில்லை. காரணம், பச்சையம் நீரில் கரைந்து பரவியிருப்பதில்லை; செல்களுக்குள் பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. வளமான நீரில் செல்கள் பெரியவை, அவற்றுக்குள் ஒரு பச்சைய மூலக்கூறு மற்றொன்றின் நிழலில் ஒளிந்துகொள்கிறது. வறிய நீரில் வாழும் நுண்ணிய செல்களில் இந்த நிழல் விளையாட்டுக்கு இடமில்லை.

பச்சையத்துக்கு 675 நானோமீட்டர் அருகே சிவப்பிலும் ஒரு முகடு உண்டு. பாடப்புத்தகப் படங்களில் அது கம்பீரமாக நிற்கும். கடலுக்குள் அது கிட்டத்தட்டச் செல்லாக்காசு. அந்த அலைநீளத்தில் நீரே மீட்டருக்கு 0.45 அளவு விழுங்குகிறது. 1 மில்லிகிராம் பச்சையம் அதற்கு எதிரே 0.02 அளவுதான் பெறுகிறது. சில மீட்டருக்குக் கீழே பாசிகளின் வாழ்க்கை முழுவதும் நீலத்தையும் பச்சையையும் நம்பியே நடக்கிறது. நிறம் பிரிக்காத மாதிரி இந்த உண்மையைத் தொடவே முடியாது.

மூன்றாவது, நீரில் கரைந்த மஞ்சள்நிறக் கரிமப் பொருள். மக்கிய இலைச்சாறு போன்றது. ஆறுகள் கொண்டுவருவதும் உண்டு, இறந்த பாசிகளிலிருந்து கடலிலேயே பிறப்பதும் உண்டு. இதன் உட்கவர்தல் நீலத்தில் உச்சத்தில் இருந்து சிவப்பை நோக்கி வழுக்கிக்கொண்டே இறங்கும்:

அலைநீளத்தில் மதிப்பு = 440இல் மதிப்பு × அடுக்கு(−0.014 × (அலைநீளம் − 440))

440இல் 1 என்றால் 400இல் 1.75, 550இல் 0.21. பாசி விரும்பும் அதே நீலத்தைத்தான் இதுவும் குறிவைக்கிறது. கழிமுகத்து நீர் பழுப்பாகத் தெரிவதும், அங்கே எஞ்சும் ஒளி பச்சையாகவோ மஞ்சளாகவோ இருப்பதும் இதனால்தான். வெயில் பட்டால் இந்தப் பொருள் வெளுக்கும். ஆகவே அதை மாறிலியாக வைக்காமல் ஒரு தனி மாறியாக வைத்து, மேலடுக்கில் ஒளிக்கு ஏற்ப மெல்ல அழியவிடுவது நல்லது.

நான்காவது, இறந்த உயிரிகளின் துகள்களும் களிமண்ணும். வடிவம் மூன்றாவதைப் போன்றது, சரிவு மட்டும் சற்று மென்மையானது. ஆழ்கடலுக்கு இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். கரையோரத்தில் முடியாது. அங்கே காற்றும் அலையும் அடிமண்ணைக் கிளறும் வேகம், துகள் படியும் வேகம் ஆகிய இரண்டு இயற்பியல் நிகழ்வுகளும் ஒளியைக் கையில் பிடித்திருக்கும்.

படி 4: சிதறலைச் சேருங்கள்

1921இல் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதானா என்று ஐயப்பட்டார். ஒளியை அதிர்வுத் திசைப்படி வடிகட்டும் நிக்கோல் பட்டகத்தின் வழியே பார்த்துப் பரப்பின் எதிரொளிப்பை வடிகட்டினார். நீலம் மறையவில்லை. அது நீருக்குள்ளிருந்து, மூலக்கூறுகள் சிதறடித்து அனுப்பிய ஒளி. உட்கவர்தல் சிவப்பை நீக்கி வைக்கிறது, சிதறல் எஞ்சிய நீலத்தை மேலே திருப்பி அனுப்புகிறது. கடலின் நிறத்துக்கு இரண்டும் வேண்டும்.

மாதிரியில் சிதறலுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. மொத்தச் சிதறல் ஒன்று, பின்னோக்கிய சிதறல் மற்றொன்று. நீர் மூலக்கூறு முன்னும் பின்னும் சமமாகச் சிதறடிக்கும். நீரில் மிதக்கும் துகள்களோ பெரும்பாலும் முன்னோக்கியே தள்ளும். பின்னே திருப்புவது ஓரிரு சதவீதம். பெட்சோல்ட் 1972இல் அளந்த தரவிலிருந்து எடுக்கும் 1.8 சதவீதம் என்ற மதிப்பு பல மாதிரிகளில் முன்னிருப்பாகவே உட்கார்ந்திருக்கிறது. மொத்தச் சிதறலுக்கு, கார்டனும் மொரெலும் தந்த 0.30 × (பச்சையம்)^0.62 என்பது 550 நானோமீட்டருக்கு நல்ல தொடக்கம்.

சிதறல் ஒளியை அழிப்பதில்லை. அதன் பாதையை வளைத்து நீட்டுகிறது, நீண்ட பாதையில் உட்கவர்தலுக்கு வாய்ப்பு கூடுகிறது. இதை ஒரே வரியில் பிடித்தவர் கிர்க்:

மங்கல் கெழு = பாதைக் காரணி × வர்க்கமூலம்(உட்கவர்தல்² + 0.256 × உட்கவர்தல் × சிதறல்)

0.256 என்பது நேர்க்குத்தாக விழும் ஒளிக்கான மதிப்பு. சூரியன் சாயும்போது அது குறையும், படி 1இல் சேமித்த பாதைக் காரணி கூடும். உட்கவர்தல் 0.10, சிதறல் 0.30 என்றால் மங்கல் கெழு 0.133. சிதறலை மறந்திருந்தால் 0.10 என்று எழுதியிருப்பீர்கள். நான்கில் ஒரு பங்குப் பிழை, அதுவும் அடுக்குக்குறிக்குள்.

சுண்ணாம்புத் தகடு போர்த்திய பாசிகள் பெருகும் காலத்தில் சிதறல் கட்டுக்கடங்காமல் ஏறும், உட்கவர்தல் அந்த அளவுக்கு ஏறாது. கடல் பால் கலந்த நீலப்பச்சையாக மாறிவிடும். அந்தப் பாசிகளுக்குப் பச்சையத்திலிருந்து சிதறலைக் கணிக்கும் சூத்திரம் செல்லாது. சுண்ணாம்பைத் தனி மாறியாக வைக்க வேண்டும்.

படி 5: எந்தத் தீர்வு முறை?

மூன்று நிலைகள் இருக்கின்றன. முதலாவது, மேலே கட்டிய மங்கல் கெழுவை அடுக்கு விதியில் இடுவது. இரண்டாவது, கீழிறங்கும் நேரொளி, கீழிறங்கும் பரவலொளி, மேலேறும் ஒளி என்று மூன்று ஓடைகளாகப் பிரித்துச் சமன்பாடுகளைத் தீர்ப்பது. மூன்றாவது, எல்லாத் திசைகளையும் கணக்கில் எடுக்கும் முழுக் கதிர்வீச்சுப் பரிமாற்றம். ஹைட்ரோலைட் போன்ற மென்பொருளும், ஒவ்வொரு ஒளித்துகளையும் பகடை உருட்டிப் பின்தொடரும் மான்டே கார்லோ முறையும் இவ்வகை.

என் கருத்து இது: வளர்ச்சியும் வெப்பமும் மட்டும் வேண்டுமென்றால் முதல் நிலையே போதும், பட்டைகள் சரியாக இருந்தால். நிறத்தை ஒப்பிட வேண்டுமென்றால் மூன்று ஓடைகள். முழு முறையை மாதிரிக்குள் ஓடவிடுவதைவிட, அதைத் தனியாகச் சில நூறு நிலைமைகளுக்கு ஓட்டி, உங்கள் எளிய முறை எங்கே தடுமாறுகிறது என்று சோதிக்கும் உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். முழு முறையைக் காட்டி மற்றவர்களை மிரட்டுவது இந்தத் துறையில் ஒரு பழக்கம். ஆனால் உள்ளே போகும் பச்சைய அளவே இரண்டு மடங்கு பிழையோடு இருக்கும்போது, கோணங்களை நுணுக்கமாகக் கணக்கிட்டு ஆகப்போவது அதிகமில்லை.

மூலக்கூறுகளே நிறத்தை மாற்றி அனுப்பும் சிதறலையும் ஆழத்தில் நினைவில் வையுங்கள். ராமன் 1928இல் கண்ட அதே விளைவு: 488 நானோமீட்டர் நீலம் நீரில் பட்டு 585 அருகே மஞ்சளாக வெளிவரும். பரப்பிலிருந்து இறங்கிய மஞ்சளும் சிவப்பும் தீர்ந்துபோன ஆழத்தில், கருவி இன்னும் கொஞ்சம் சிவப்பைக் காட்டினால் அது பழுதல்ல. அங்கேயே பிறந்த ஒளி.

படி 6: அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிடுதல்

மேலடுக்கிலிருந்து கீழே ஒரு சுழற்சி. ஒவ்வொரு அடுக்கின் மேல்விளிம்பிலும் உள்ள ஒளி தெரியும், கெழு தெரியும், கீழ்விளிம்பு ஒளியைக் கணக்கிட்டு அடுத்த அடுக்குக்குக் கொடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் பலரை வீழ்த்துகிறது. அடுக்கின் நடுப்புள்ளி ஒளியை எடுத்து, அதுவே அடுக்கின் ஒளி என்று வைத்துவிடுவார்கள். வேண்டியது சராசரி:

அடுக்குச் சராசரி = மேல்விளிம்பு ஒளி × (1 − அடுக்கு(−கெழு × தடிமன்)) ÷ (கெழு × தடிமன்)

பத்து மீட்டர் தடித்த அடுக்கு, கெழு 0.2 என்றால் சராசரி 0.43; நடுப்புள்ளி 0.37. கெழு 0.04 ஆனால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே தெளிந்த நீரில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர், பாசி பெருகும் பருவத்தில் காரணம் தெரியாமல் விழிப்பார்.

வெப்பத்தைக் கணக்கிடுபவர்கள் மேல்விளிம்பு ஆற்றலிலிருந்து கீழ்விளிம்பு ஆற்றலைக் கழித்தால் அந்த அடுக்கு பெற்றது கிடைக்கும். கடைசி அடுக்கைத் தாண்டிப் போகும் மிச்சத்தை அங்கேயே சேர்த்துவிடுங்கள். பிறகு எல்லா அடுக்குகளும் பெற்றதைக் கூட்டினால் பரப்பில் நுழைந்தது வர வேண்டும். இந்தக் கூட்டல் சரிபார்ப்பை நிரலில் நிரந்தரமாக வையுங்கள், நீக்கவே நீக்காதீர்கள்.

படி 7: ஒளியிலிருந்து வளர்ச்சிக்கு

ஒளி ஏற ஏற ஒளிச்சேர்க்கை ஏறும், பிறகு நிறைவடையும், மிகுந்தால் குறையவும் செய்யும். ஜாஸ்பியும் பிளாட்டும் 1976இல் பரிந்துரைத்த அதிபரவளையத் தொடுகோட்டுச் சார்பு (tanh) முதல் இரண்டையும் பிடிக்கும். அதிக ஒளியின் பாதிப்பை வேண்டுமானால் பிறகு சேர்க்கலாம்.

இந்த வளைவு நேர்கோடு அல்ல என்பதால் நாள் சராசரி ஒளியை அதில் இடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் 400 அலகு ஒளி, பன்னிரண்டு மணி நேரம் இருள். நிறைவு தொடங்கும் ஒளி 100 அலகு என்று வையுங்கள். மணிக்கு மணி கணக்கிட்டால் நாளின் வளர்ச்சி உச்ச அளவில் 0.50. சராசரியான 200ஐ இட்டால் 0.96. பகல்–இரவைக் கரைத்ததற்கு விலை கிட்டத்தட்ட இரு மடங்கு.

பாசிகள் சும்மா இருப்பதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். மங்கிய ஒளியில் ஒரு செல் தன் கார்பன் அளவைக் கூட்டாமலேயே பச்சையத்தைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளும். ஆழத்தில் தெரியும் பச்சைய முகடு பல இடங்களில் உயிர்ப்பொருளின் முகடே அல்ல. அரை இருட்டில் கண்ணை அகல விரித்திருக்கும் செல்களின் கூட்டம். கார்பனையும் பச்சையத்தையும் தனித்தனி மாறிகளாக வைத்தால் இது தானாக வரும். ஒரே விகிதத்தில் கட்டிப்போட்டால் வராது. அந்தப் பச்சையம்தான் படி 3க்குத் திரும்பிப் போய் அடுத்த நேரப்படியின் ஒளியைத் தீர்மானிக்கிறது. நேரப்படி ஒரு மணிக்குள் இருந்தால், பழைய பச்சையத்தைக் கொண்டு ஒளியைக் கணக்கிட்டுவிட்டுப் பிறகு உயிரியலை நகர்த்துவதில் தீங்கில்லை.

நிறம் பிரித்திருந்தால் இங்கே ஒரு பரிசும் உண்டு. ஆழத்தில் வாழும் புரோக்ளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிரி நீலத்தைப் பிடிக்கும் நிறமி கொண்டது. சைனகோகாக்கஸ் என்ற மற்றொரு நுண்ணுயிரியின் பல வகைகள் பச்சையையும் பிடிக்கும். அவரவர் உட்கவர்தல் நிறமாலையைக் கொடுத்துவிட்டால், யார் எந்த ஆழத்தில் நிலைப்பார் என்பதை நீங்கள் கட்டளையிட வேண்டியதில்லை.

படி 8: நீரை அசையவிடுங்கள்

காற்றும் அலையும் கலக்கிக்கொண்டே இருக்கும் மேல்நீரில், அதாவது கலவை அடுக்கில், சிக்கிய செல் ஒரே ஆழத்தில் நிற்பதில்லை; மேலும் கீழும் சுழல்கிறது. அது பெறும் சராசரி ஒளி, படி 6இன் சூத்திரத்தில் தடிமனுக்குப் பதில் கலவை ஆழத்தை இட்டால் வரும். கெழு 0.1 என்றால் 50 மீட்டர் கலவையில் 20 சதவீதம், 100 மீட்டரில் 10 சதவீதம். ஸ்வெர்ட்ரப் 1953இல் வசந்தகாலப் பாசிப்பெருக்கை விளக்கியது இந்தக் கணக்கை வைத்துத்தான்: கலவை ஆழம் சுருங்கும்போது ஊட்டச்சத்து கூடுவதில்லை, செல்லுக்குக் கிடைக்கும் ஒளி கூடுகிறது. நீருக்குள்ளேயே எழும் உள் அலைகளும் இப்படியே. ஒரு பாசி அடுக்கைப் பத்து மீட்டர் தூக்கி இறக்கினால், மேலே போகும்போது கிடைக்கும் ஒளி கீழே இழப்பதைவிட அதிகம்.

எதிர்த்திசையிலும் விளைவு உண்டு. பாசிகள் நீரைச் சூடாக்கும். பரப்பில் சதுர மீட்டருக்கு 200 வாட் வெயில் விழுகிறது, கலவை அடுக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். ஜெர்லோவின் முதல் வகை நீரில் 17.6 சதவீதம், அதாவது 35 வாட், அடுக்கைத் துளைத்துக் கீழே போய்விடும். மூன்றாம் வகை நீரில் போவது மூன்றரை வாட்தான். மிச்சமான 32 வாட் அந்த 20 மீட்டருக்குள் தங்கினால், வேறு இழப்புகள் இல்லாவிடில், மாதத்துக்குச் சுமார் 1 பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பம். சூடான மேலடுக்கு லேசாகி மிதக்கும், கலவை ஆழம் குறையும், செல்களுக்கு ஒளி இன்னும் கூடும். அரபிக்கடலின் மேற்பரப்பு வெப்பநிலையைப் பாசிகள் இப்படி மாற்றுவதைச் சத்யேந்திரநாத்தும் கூட்டாளிகளும் 1991இலேயே காட்டினார்கள். ஆகவே வெப்பத்துக்கு ஒரு மங்கல் கெழுவும் உயிரியலுக்கு வேறொன்றும் வைத்திருக்கும் மாதிரி தன்னையே மறுக்கிறது. இரண்டுக்கும் ஒரே பட்டைகளைக் கொடுங்கள்.

படி 9: ஓட்டிப் பாருங்கள், ஒப்பிடுங்கள்

முதலில் பச்சையத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். தூய நீரின் விடை கையால் போட்டதோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு அடுக்குகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். விடை அசையக் கூடாது. அதற்குப் பிறகே அளவீடுகளிடம் போங்கள்.

சிறு சோதனைக்கு 490 நானோமீட்டர் பட்டை வசதியானது. மொரெலும் கூட்டாளிகளும் 2007இல் தந்த உறவு: மங்கல் கெழு = 0.0166 + 0.0773 × (பச்சையம்)^0.6715. பச்சையம் 0.1 என்றால் 0.033, 1 என்றால் 0.094, 10 என்றால் 0.38. ஒளி 1 சதவீதமாகும் ஆழங்கள் முறையே 139, 49, 12 மீட்டர். உங்கள் மாதிரி திறந்த கடலில் இவற்றைவிட்டு வெகுதூரம் விலகினால் படி 3இல் ஓர் உறுப்பு இருமுறை எண்ணப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது மஞ்சள்நிறப் பொருளாகத்தான் இருக்கும்.

பழைய தரவையும் இகழாதீர்கள். செக்கி 1865இல் நீரில் இறக்கிய வெண்தட்டு இன்றும் கடலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தட்டு மறையும் ஆழத்தால் 1.7ஐ வகுத்தால் தோராயமான மங்கல் கெழு கிடைக்கும். நூறாண்டுத் தொடர் வேறு கருவிகளில் உங்களுக்கு எளிதில் கிடைக்காது.

செயற்கைக்கோளோடு ஒப்பிடும்போது அது தரும் பச்சைய வரைபடத்தை அப்படியே உண்மை என்று எடுக்க வேண்டாம். அதுவும் நிறங்களின் விகிதத்திலிருந்து ஒரு சூத்திரம் ஊகித்ததுதான். உங்கள் மூன்று ஓடை மாதிரி மேலேறும் ஒளியைத் தருகிறது என்றால், நிறத்தை நிறத்தோடு நேரடியாக ஒப்பிடுங்கள். அதோடு, நீருக்குள்ளிருந்து வெளிவந்து செயற்கைக்கோளை நோக்கிப் போகும் ஒளியில் 90 சதவீதம், ஒன்றை மங்கல் கெழுவால் வகுத்தால் வரும் ஆழத்துக்கு மேலிருந்தே வருகிறது. பச்சையம் 0.1 உள்ள நீரில் அது 30 மீட்டர். அதற்குக் கீழே மாதிரியில் காடே இருந்தாலும் பாலைவனமே இருந்தாலும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒன்றுதான்.

என் முதல் மாதிரியும் செயற்கைக்கோள் படத்தோடு அழகாகவே பொருந்தியது. கடலில் தாமே இறங்கி ஏறும் கருவிகளான உயிர்ப்புவிவேதியியல் ஆர்கோ மிதவைகள் 380, 412, 490 நானோமீட்டர்களிலும் மொத்த ஒளிச்சேர்க்கைப் பட்டையிலும் ஆழவாரியாக ஒளியை அளந்து அனுப்புகின்றன, தரவு எவருக்கும் இலவசம். அவற்றில் ஒரே ஒரு ஆழவாரி அளவீட்டை எடுத்து, செங்குத்து அச்சில் ஆழத்தையும் கிடை அச்சில் ஒளியின் மடக்கையையும் வைத்து வரைந்தேன். 490இன் கோடு நேராக இறங்கியது. மொத்தப் பட்டையின் கோடு முதல் இருபது மீட்டரில் வளைந்து, பிறகுதான் நேரானது. என் மாதிரியின் கோடு பரப்பிலிருந்து அடிவரை வளையாமல் இறங்கிக்கொண்டிருந்தது.